பெயர் சொல்வதை நிறுத்தியவர்: ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவரின் பணிச்சோர்வு குறித்த நிகழ்வு ஆய்வு

ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நான் பொறுப்பு மருத்துவராக இருந்தபோது நடந்தது இது. சம்பந்தப்பட்டவர் இதை வாசித்து, இரண்டு இடங்களில் திருத்தம் சொல்லி, வெளியிடச் சம்மதித்திருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நேர்ந்த தவறுகளில் பெரும்பாலானவை என்னுடையவை. அவற்றை நடந்தபடியே எழுதுகிறேன்.

பின்னணி

அவருக்கு அப்போது 29 வயது. ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ உதவியாளர். எங்கள் பேச்சில் இ.எம்.டி. ஐந்து ஆண்டு அனுபவம். கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மாதத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வருவார். நான்கு வயது மகளை மாமியார் பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு நிலையான வருமானம் என்றால் இவருடைய சம்பளம்தான்.

பழனிக்குப் பாதயாத்திரை செல்பவர்கள் நடக்கும் சாலைகளில் ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது மருத்துவமனை. மூன்று ஆம்புலன்ஸ்கள். வண்டிக்கு ஓர் இ.எம்.டி., ஓர் ஓட்டுநர். ஓட்டுநரைப் பைலட் என்றுதான் எல்லோரும் சொல்வோம். காலை 8 முதல் இரவு 8 வரை, இரவு 8 முதல் காலை 8 வரை என 12 மணி நேர ஷிப்ட். இரவு ஷிப்ட் வந்தால் தொடர்ந்து ஆறு இரவுகள். காலை 8 மணி என்பது அட்டவணையில் இருக்கும் நேரம். 7.40க்கு ஒரு நோயாளியை மதுரைக்கு அனுப்ப வேண்டிவந்தால் வண்டி திரும்பிவரப் பகல் 11 ஆகிவிடும்.

அவருடைய வண்டியின் பைலட்டுக்கு 47 வயது. முன்பு லாரி ஓட்டியவர். இ.எம்.டி.யைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். அவர் இவரை அண்ணே என்பார். நான்கு ஆண்டுகளாக இருவரும் ஒரே வண்டியில். இ.எம்.டி.க்கள் மருத்துவமனையின் ஊழியர்கள். பைலட்டுகளோ ஓர் ஒப்பந்ததாரரின் பட்டியலில் இருப்பவர்கள். இந்த வேறுபாட்டுக்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பெண்ணிடம் ஒரு பழக்கம் இருந்தது. நோயாளியை எங்களிடம் ஒப்படைக்கும்போது முதலில் பெயரைச் சொல்வார். "இவர் பெயர் இன்னது, ஊர் இன்னது, மகளுக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது." நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் அதற்குப் பிறகுதான் வரும். ஸ்ட்ரெச்சரில் மயக்கமாகக் கிடப்பவர் தன் பெயர் காதில் விழுந்து கண் திறப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

தை மாதத்து அதிகாலை

தைப்பூசத்துக்கு நான்கு நாட்கள் இருந்தன. பகல் வெயிலில் தார்ச்சாலை சுடும் என்பதால் பாதயாத்திரைக் குழுக்கள் இரவில்தான் அதிக தூரம் நடக்கும். அதிகாலை 4.10க்கு அழைப்பு வந்தது. சாலையோரம் நடந்துகொண்டிருந்த ஒரு குழுவின் மீது சரக்கு வாகனம் ஏறியிருந்தது. முதலில் போய்ச் சேர்ந்தது இவர்களுடைய வண்டி. இருவருக்கும் அது தொடர்ச்சியாக ஐந்தாவது இரவு.

ஏழு பேர் அடிபட்டுக் கிடந்தார்கள். தெருவிளக்கு இல்லை. முதுகுப் பைகளில் ஒட்டியிருந்த ஒளிரும் ஸ்டிக்கர்கள் டார்ச் வெளிச்சத்தில் அங்கங்கே மின்னின. ஸ்டிக்கர் மின்னிய இடத்தில் எல்லாம் ஓர் ஆள் இருப்பார் என்று நினைத்துப் போனேன், இரண்டு இடங்களில் பை மட்டும்தான் கிடந்தது என்று அவர் பின்னர் சொன்னார்.

பலர் ஒரே நேரத்தில் அடிபட்ட இடத்தில், சிகிச்சையைத் தொடங்குவதற்கு முன் ஆட்களைப் பிரிக்க வேண்டும். உடனே எடுத்துச் சென்றால் பிழைக்கக்கூடியவர் சிவப்பு. சற்றுக் காத்திருக்கக்கூடியவர் மஞ்சள். எழுந்து நடப்பவர் பச்சை. மூச்சுப் பாதையைத் திறந்துவிட்ட பிறகும் மூச்சு வராதவர் கறுப்பு. ஒரே ஒரு இ.எம்.டி. இருக்கும்போது கறுப்பு அட்டைக்குரியவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால், பிழைக்க வேண்டிய சிவப்பும் கைவிட்டுப் போகும். இதுதான் விதி. வகுப்பறையில் இதைச் சொல்லிக்கொடுப்பது எளிது.

அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவருக்கு நாடி இல்லை. மூச்சுப் பாதையைத் திறந்தும் மூச்சு வரவில்லை. தாடை மட்டும் ஓரிரு முறை அசைந்தது. இதயம் நின்ற பிறகும் அப்படி அசைவதுண்டு, அது மூச்சல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கோ அது மூச்சாகத் தெரிந்தது. நெஞ்சில் அடிபட்ட 14 வயதுப் பையனையும், தொடையில் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் இ.எம்.டி. வண்டியில் ஏற்றினார். ஏறப்போனவரின் சட்டைக் கையை அந்த மனைவி இறுகப் பிடித்துக்கொண்டார். "உயிர் இருக்கிறது, ஏன் விட்டுவிட்டுப் போகிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பைலட் இறங்கி வந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். வண்டி கிளம்பியது.

4.55க்கு எங்களிடம் வந்தார்கள். பையனும் அந்தப் பெண்ணும் பிழைத்தார்கள். இரண்டாவது வண்டி அந்த மனிதரைக் கொண்டுவந்தபோது 5.20. உயிர் இல்லை. பரிசோதித்து விபத்துப் பதிவேட்டில் குறிப்பு எழுதியது நான். மண்டையோட்டின் அடிப்பகுதியும் கழுத்தெலும்பும் உடைந்திருந்ததற்கான அடையாளங்கள் இருந்தன, மார்புக்கூடு நசுங்கியிருந்தது. எந்த மருத்துவமனையின் வாசலில் அந்த விபத்து நடந்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார்.

வழக்கமாக ரத்தம் பட்ட வண்டியை 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் விட்டுத் துடைத்து, கழுவி, சிகிச்சைப் பொருட்கள் வைத்திருக்கும் பையை நிரப்ப 20 நிமிடமாவது ஆகும். அன்று 5.05க்கே வண்டியைத் திரும்பவும் சம்பவ இடத்துக்கு அனுப்பினேன். வேறு வழி இருக்கவில்லை. 6.30க்கு வேறொரு கிராமத்திலிருந்து நெஞ்சுவலி என்று அழைப்பு வந்தது. அதற்கும் இவர்களையே அனுப்பினேன். அப்போது வேறு வழி இருந்தது. மூன்றாவது வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் ஊழியர்கள் அப்போதுதான் தூங்கப் போயிருந்தார்கள் என்பதால் எழுப்பவில்லை.

மறுநாள் கூட்டம்

மறுநாள் மாலை அன்று பணியில் இருந்த அனைவரையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னேன். வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் பார்த்ததையும் உணர்ந்ததையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் 1983இல் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக முன்வைத்த முறையின் சாயல் அது. பயிற்சி ஒன்றில் கேட்டிருந்தேன், நல்லது என்று நம்பினேன்.

தன் முறை வந்தபோது இ.எம்.டி. இரண்டு வாக்கியங்கள் பேசினார். எழுந்து போய்க் கைகழுவும் தொட்டியருகே குழாயைத் திறந்துவிட்டபடி நின்றார். கூட்டம் நல்லபடியாக முடிந்தது என்று நான் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

அந்த முறையைப் பற்றிய ஆய்வுகள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டன, நான்தான் படித்திருக்கவில்லை. சம்பவம் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லோரையும் கட்டாயமாகப் பேசவைப்பது பிந்தைய மனப் பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2002இலேயே சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதைப் பரிந்துரைக்கவில்லை. அந்த நிறுவனம் 2011இல் கொண்டுவந்த உளவியல் முதலுதவிக் கையேடு கேட்பதெல்லாம் எளிய காரியங்கள்: கவனித்துப் பார், பேசினால் கேள், தேவையானவர்களோடு இணைத்துவிடு. சாப்பிட்டாயா, வீட்டுக்கு எப்படிப் போகிறாய், இன்று உன்னோடு யார் இருப்பார்கள் என்று விசாரிப்பது. அன்று காலை 15 மணி நேர வேலைக்குப் பிறகு அவர் பகல் 11 மணி பஸ்ஸில் தனியாக வீட்டுக்குப் போயிருக்கிறார். கூட்டம் போடத் தெரிந்த எனக்கு அதை விசாரிக்கத் தோன்றவில்லை.

அடுத்த ஐந்து மாதங்கள்

முதலில் மாறியது அவர் நோயாளிகளை ஒப்படைக்கும் விதம். பெயர் போய்விட்டது. "நாற்பது வயது ஆண், தலைக்காயம், நினைவில்லை" என்று தொடங்கினார். பிறகு வயதும் போனது. "தலைக்காயம் ஒன்று" என்பார். நான் இதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, ஏப்ரல் மாதம் ஒரு பயிற்சி மருத்துவரிடம், "பார், எவ்வளவு சுருக்கமாகச் சொல்கிறார், இப்படித்தான் சொல்ல வேண்டும்" என்று அவரையே உதாரணம் காட்டினேன். இந்த ஆய்வில் எழுதுவதற்கு எனக்கு மிகவும் கடினமாக இருக்கும் வரி இதுதான்.

மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. ஷிப்டுக்குத் தாமதம். தலைவலி என்று விடுப்பு. பையில் தீர்ந்த பொருள் தீர்ந்தபடியே கிடந்தது. மே மாதம் ஒரு முதியவரின் மகன் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தார்: அப்பாவை ஏற்றும்போது ஆறுதலுக்காக அந்தப் பெண்ணின் சட்டைக் கையைப் பிடித்தேன், வெடுக்கென்று தட்டிவிட்டு, தொடாதீர்கள் என்று கத்தினார். நடத்தைக் குறைபாடு என்று கோப்பில் ஏறியது. அவர் பிடித்தது சட்டைக் கையை என்பது புகாரிலேயே இருந்தது. யாரும் அதைத் தை மாதத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

பைலட் அதிகம் பார்த்திருந்தார். ஒரு கேஸ் முடிந்தால் முன் இருக்கைக்கு வந்துவிடுகிறவர், இப்போது பின்னால் காலி ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிறார். கொண்டுவந்த சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுபோகிறார். விபத்து நடந்த இடத்தைத் தாண்டும்போது ஆக்சிஜன் சிலிண்டரின் அளவைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொள்கிறார். வாகன மேற்பார்வையாளரிடம் பைலட் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்: "தங்கச்சி சரியில்லை." வேலை பார்க்கிறாரா இல்லையா என்று மேற்பார்வையாளர் கேட்டார். பார்க்கிறார். பேச்சு அதோடு முடிந்தது.

பணிச்சோர்வு என்பதை மருத்துவ உலகில் முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர்; 1974இல் ஓர் இலவச மருத்துவமனை ஊழியர்களை வைத்து எழுதினார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று முகங்கள் உண்டு என்று வகுத்தார்: தீராத களைப்பு, எதிரில் இருக்கும் மனிதரிடமிருந்து விலகிப்போதல், தன் வேலையால் பயனில்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11 இதே மூன்றையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் பணிச்சோர்வை நோயென்று சொல்லாமல், சரியாகக் கையாளப்படாத வேலையிட அழுத்தத்தின் விளைவு என்று சொன்னது. மூன்றில் இரண்டாவதுதான் எங்கள் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. பெயர் இருந்த இடத்தில் காயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மெமோ

ஜூன் மாதம் காய்ச்சலில் வலிப்பு வந்த இரண்டு வயதுக் குழந்தையை ஏற்றினார்கள். மூச்சு தடுமாறியது. கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் ஆம்பு பையைப் பொருத்தப் பார்த்தால், குழந்தைக்கான மாஸ்க் சிகிச்சைப் பொருட்களின் பையில் இல்லை. பெரியவர்களுக்கான மாஸ்க்கைத் தலைகீழாகத் திருப்பி அந்தச் சின்ன முகத்தில் பொருத்திச் சமாளித்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் குழந்தை மாஸ்க் இல்லாமல் ஆம்புலன்ஸ் புறப்பட்டது மன்னிக்கக்கூடிய குறை அல்ல. நிர்வாகம் மெமோ கொடுத்தது, மூன்று நாட்களுக்குள் விளக்கம் கேட்டு.

விளக்கம் ஒரே நாளில் வந்தது. "தவறு என்னுடையது. நான் இந்த வேலைக்குத் தகுதியில்லாதவள்." இவ்வளவுதான். தவறை ஒப்புக்கொண்டுவிட்டார், ஒரு நாள் சம்பளப் பிடித்தத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று மேலாளர் எழுதி, என் கையொப்பத்துக்கு அனுப்பினார். ஐந்து ஆண்டு வேலை பார்த்தவர், அந்தத் தலைகீழ் மாஸ்க்கைப் பற்றிக்கூடத் தன் பக்கம் ஒரு சொல் எழுதவில்லையே என்பது என்னை உறுத்தியது. அன்று மாலை பைலட் என் அறை வாசலில் வந்து நின்றார். "டாக்டர், அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு முறை அவரிடம் பேசிப் பாருங்கள்."

பேசியது

மறுநாள் பகலில், அவசரப் பிரிவில் அல்லாமல், மாடியில் இருக்கும் நூலக அறையில் பேசினோம். மெமோ பற்றி எதுவும் கேட்கவில்லை. தூக்கம் எப்படி இருக்கிறது என்று தொடங்கினேன். இரவு ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போனால் கண் மூடியதும் அந்த அம்மாவின் குரல் கேட்கிறது என்றார். மகள் தோளைத் தொட்டு எழுப்பினால் அலறி எழுகிறேன், அதனால் இப்போது அவள் என்னைத் தொட்டு எழுப்புவதில்லை, தள்ளி நின்று கூப்பிடுகிறாள் என்றார். அதைச் சொல்லும்போதுதான் அழுதார்.

மனச்சோர்வை அளவிடும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகளை இருவரும் சேர்ந்து நிரப்பினோம். மொத்தம் 27இல் 19 வந்தது. 10 வந்தாலே கவனிக்க வேண்டும். இறந்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது ஒன்பதாவது கேள்வி. பல நாட்கள் என்பதில் குறியிட்டிருந்தார். இதை நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று இன்றும் பல மருத்துவர்கள் தயங்குகிறார்கள். கேட்பதால் அப்படி ஆவதில்லை. நான் கேட்டேன். காலையில் எழாமலே போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் எதுவும் செய்யத் திட்டமில்லை, மகள் இருக்கிறாள் என்றார். அவர் அனுமதியோடு கணவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் வந்து சேரும்வரை மூத்த செவிலியர் ஒருவர் உடன் இருந்தார். இரவில் எந்த நேரமும் பேசக்கூடிய, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ மாமியாரின் போனிலும் பதிந்துகொடுத்தோம்.

எழுந்து போகுமுன் ஒரு கேள்வி கேட்டார். "டாக்டர், அன்று அவருக்கு உயிர் இருந்ததா?"

கீழே போய் விபத்துப் பதிவேட்டை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். என்னுடைய கையெழுத்து. நீங்கள் பார்த்தபோதே இல்லை, இருந்திருந்தாலும் யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது, நீங்கள் அவரோடு நின்றிருந்தால் அந்தப் பையனும் போயிருப்பான் என்றேன். அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தார். "இதை அன்றைக்கே சொல்லியிருந்தால்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஐந்து மாதம் அந்தப் பதில் என்னிடம்தான் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. மார்ச் மாதம் அந்தப் பையன் மறுபரிசோதனைக்கு வந்தான். தானாகப் படியேறி வந்தான். ஆம்புலன்ஸில் வந்த அக்கா எங்கே என்று கேட்டான். இன்று இரவு ஷிப்ட் என்று செவிலியர் சொல்லி அனுப்பிவிட்டார். இ.எம்.டி.யிடம் யாரும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வேலையின் அமைப்பே அப்படி: ஒப்படைத்தால் முடிந்தது. செத்தவர்களை இவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். பிழைத்தவர்கள் வார்டுக்குள் போய்விடுகிறார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மெமோவைத் திரும்பப் பெற வைத்தேன். மாஸ்க் இல்லாமல் வண்டி போனது பற்றித் தனியாக ஒரு விசாரணை நடந்தது. பையைச் சரிபார்க்கும் நேரம் எங்கள் அட்டவணையில் எங்குமே இல்லை என்பது அதில் தெரியவந்தது.

இது வெறும் பணிச்சோர்வா என்பதை நான் முடிவு செய்யக்கூடாது என்று நினைத்தேன். அந்தச் சொல் ஒரு நோயை மறைத்துவிடலாம். மதுரையில் மனநல மருத்துவர் பார்த்து, மனச்சோர்வு நோயும் அதிர்ச்சிக்குப் பிந்தைய அறிகுறிகளும் இருப்பதாகச் சொன்னார். மருந்தும், வாரம் ஒரு முறை பேச்சு சிகிச்சையும் தொடங்கின. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2தான் இருந்தது, ரத்தச்சோகை. களைப்பில் ஒரு பங்கு அதற்கும் உண்டு. மனம் என்று முடிவு கட்டிவிட்டு ரத்தத்தைப் பார்க்காமல் விட்டிருந்தால் அதுவும் ஒரு தவறாகியிருக்கும்.

விடுப்பு என்றதும் சம்பளம் என்ன ஆகும் என்றுதான் கேட்டார். ஐந்து ஆண்டுகளாக அவரிடம் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் செய்துவந்திருக்கிறோம். சான்றளிக்கப்பட்ட நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை 70 சதவீத ஊதியம் அதில் கிடைக்கும். மனநோய்க்கும் அது பொருந்தும் என்பது அவருக்கும் தெரியாது, எங்கள் கணக்குப் பிரிவுக்கும் தெரியாது. மீதி 30 சதவீதத்தை அறக்கட்டளை கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார் மேலாளர். புதிய இ.எம்.டி. ஒருவரை எடுத்துத் தயார்செய்ய ஆகும் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு சம்மதித்தார். ஆறு வார விடுப்பு.

சக ஊழியர்களிடம் என்ன சொல்வது என்பதை அவரிடமே விட்டோம். உடம்பு சரியில்லை, அவ்வளவு போதும் என்றார். அப்படியே சொன்னோம்.

திரும்பி வந்த பிறகு

ஆகஸ்டில் வந்தார். நேராக வண்டிக்குப் போகத் தயார் என்றார். மனநல மருத்துவரோடு பேசி, முதலில் ஆறு வாரம் அவசரப் பிரிவின் வரவேற்பு மேசையில், பகல் நேரம் மட்டும் என்று வைத்தோம். செப்டம்பர் கடைசியில் பழைய வண்டிக்கே, பழைய பைலட்டோடு போனார். இரவு ஷிப்ட் இல்லை.

வண்டிகளுக்கான விதிகளையும் மாற்றினோம். தொடர்ச்சியாக நான்கு இரவுகளுக்கு மேல் யாருக்கும் கிடையாது, அதன் பிறகு இரண்டு நாள் ஓய்வு. சிவப்பு கேஸோ இறப்போ முடிந்தால் 20 நிமிடம் அந்த வண்டிக்கு அழைப்பு போகாது. இதயம் நின்றவர், பிரசவம் தவிர. அந்த நேரத்தில் வண்டியைக் கழுவ வேண்டும், பையை நிரப்ப வேண்டும், டீ குடிக்க வேண்டும். தண்ணீர் விட்டு ஸ்ட்ரெச்சர் சக்கரத்தைத் தேய்க்கும்போதுதான் இவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். அது எனக்கு வெகு தாமதமாகத் தெரிந்தது. என் வட்டக் கூட்டம் செய்ய முயன்று செய்யாததை அந்தக் குழாயடி முன்பெல்லாம் தானாகவே செய்துவந்திருக்கிறது.

இதற்கு விலை உண்டு. நான்கு இரவு விதிக்கு இரண்டு இ.எம்.டி.க்கள் கூடுதலாகத் தேவைப்பட்டார்கள். அறக்கட்டளை ஒருவரைத்தான் கொடுத்தது. ஞாயிறு இரவுகளில் மூன்றாவது வண்டி ஓடுவதில்லை. அதனால் ஓர் இரவு ஓர் அழைப்பை வேறு ஆம்புலன்ஸ் சேவைக்குத் திருப்பிவிட நேர்ந்தது. எந்த மனசாட்சியோடும் இதைச் சாதனை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது பின்செய்தி நோட்டு. சாதாரண நீள நோட்டு. கொண்டுவந்து ஒப்படைத்த நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பதை மறுநாள் மாலைக்குள் பொறுப்புச் செவிலியர் இரண்டு வரியில் எழுதுவார். வண்டிக்குரியவர் மட்டும் பார்க்கலாம். நல்லதும் கெட்டதும் எழுதப்படும். ஓர் இ.எம்.டி. மட்டும் இறப்புச் செய்தி தனக்கு வேண்டாம் என்றார். அவர் விருப்பத்துக்கு விட்டோம். ஒரு கேஸில் முடிவு சரியாக எடுக்கப்பட்டிருந்தால், சரி என்று மருத்துவர் கையொப்பத்தோடு எழுத வேண்டும் என்பதையும் சேர்த்தேன்.

மூன்றாம் மாதம் அவருடைய பி.எச்.க்யூ-9 மதிப்பெண் 8. ஆறாம் மாதம் 5. நவம்பரில் ஒரு நாள் இடுப்பெலும்பு முறிந்த பாட்டி ஒருவரைக் கொண்டுவந்தார். ஸ்ட்ரெச்சரை நிறுத்திவிட்டு, பாட்டியின் பெயரைச் சொல்லி, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம் என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. அன்று இரவு என் குறிப்பேட்டில் மட்டும் எழுதிவைத்தேன்.

அடுத்த ஆண்டு ஜூனில், மகளைப் பள்ளியில் சேர்த்த பிறகு, டயாலிசிஸ் பிரிவுக்கு மாற்றம் கேட்டார். அங்கே ஒரே நோயாளிகள் வாரம் இரண்டு மூன்று முறை வருவார்கள். முதலில் தயங்கினேன், அவரை வண்டியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அந்தப் பிடிவாதம் என்னுடைய ஆறுதலுக்காகத்தான் என்று உணர்ந்ததும் கையொப்பமிட்டேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்.

பைலட்

இவ்வளவுக்கும் நடுவில், அக்டோபரில், பைலட் வேலையை விட்டார். "சொந்தக் காரணங்களால்" என்று ஒப்பந்ததாரரிடம் ஒரு வரிக் கடிதம் கொடுத்திருந்தார். எனக்குத் தெரிந்தபோது பத்து நாள் ஆகிவிட்டது. நல்ல ஓட்டுநர் போய்விட்டாரே என்று வருந்தினேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஜனவரியில், அடுத்த தைப்பூசத்துக்கான ஏற்பாடுகளைப் பேசிக்கொண்டிருந்தபோது அந்தச் சம்பவ அறிக்கையை மறுபடியும் வாசித்தேன். விரல்களைப் பிரித்துவிட்டது யார் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. போன் செய்தேன். ஒரு கல்லூரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். முதலில் தங்கச்சி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். வேலையை ஏன் விட்டீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்த அம்மாவின் விரலைப் பிரித்தது நான்தானே, டாக்டர். நல்ல பலம். ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது. தங்கச்சிக்கு நீங்கள் ரிஜிஸ்டரைக் காட்டினீர்கள் என்று சொன்னார். சந்தோஷமாக இருந்தது. எனக்கு யாரும் காட்டவில்லை."

பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, போனிலேயே அந்தப் பக்கத்தை வாசித்தேன்.

இந்தப் பெண்ணுக்கு வந்ததை முதலில் கண்டவர் அவர். இரண்டு முறை மேலே சொன்னவர் அவர். என் வாசலில் வந்து நின்றவர் அவர். அதே இரவில், அதே இடத்தில் இருந்தவர். ஆனால் அவர் பெயர் எங்கள் ஊழியர் பட்டியலில் இல்லை. மெமோ வரவில்லை, அதனால் விசாரணையும் வரவில்லை. யாரும் அவரை நூலக அறைக்குக் கூப்பிடவில்லை. செப்டம்பரில் பழைய பைலட்டோடு அனுப்பினால் இ.எம்.டி.க்குப் பாதுகாப்பாக இருக்கும் என்று முடிவெடுத்தபோது, அந்தப் பைலட்டுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் கேட்கவேயில்லை.

அதன் பிறகு மாறியவை

பின்செய்தி நோட்டில் இப்போது இரண்டு கையொப்பங்களுக்கு இடம் இருக்கிறது. இறப்பு நேர்ந்த கேஸுக்குப் பிறகு மூன்றாம் நாளும், ஒரு மாதம் கழித்தும், வண்டியில் இருந்த இருவரையும் தனித்தனியாக ஒருவர் சந்தித்துப் பேசுகிறார். மேற்பார்வையாளரும் நிர்வாகமும் அதில் இல்லை. அந்தப் பேச்சு எந்தக் கோப்பிலும் ஏறாது. ஒருவரைப் பற்றி உடன் வேலை செய்பவர் இரண்டாவது முறை சொன்னால் அது நேராக என்னிடமோ என் இடத்தில் இருக்கும் மருத்துவரிடமோ வர வேண்டும். பெரிய விபத்து நடந்த காலையில் வட்டக் கூட்டம் கிடையாது. வீடுவரை வண்டி உண்டு.

பைலட்டுகளை மருத்துவமனையின் நேரடி ஊழியர்களாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் எழுதிய கடிதம் அறக்கட்டளையின் இரண்டு கூட்டங்களில் பேசப்பட்டு, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.